அமெரிக்கத் துப்பாக்கி விவாதம்: இரு தரப்பும் காட்டும் எண்களையும் கதைகளையும் எப்படிப் படிப்பது?

கொங்குவாசி:

அமெரிக்கத் துப்பாக்கிச் சட்டங்கள் பற்றி ஒரு நீண்ட கட்டுரைக்குத் தகவல் திரட்டுகிறேன். சட்டம் நல்லதா கெட்டதா என்பது என் கேள்வி இல்லை. கட்டுப்பாடு கேட்கும் எவ்ரிடவுன், பிரேடி, கிஃபர்ட்ஸ், சாண்டி ஹூக் பிராமிஸ் போன்ற அமைப்புகளும், உரிமை பேசும் என்.ஆர்.ஏ. (தேசிய ரைபிள் சங்கம்) தரப்பும் ஆய்வுகளையும் பாதிக்கப்பட்டவர்களின் அனுபவங்களையும் எப்படிக் கையாளுகிறார்கள் என்பதுதான் வேண்டும்.

மூன்று இடத்தில் முட்டிக்கொண்டு நிற்கிறேன். "வீட்டில் துப்பாக்கி இருந்தால் ஆபத்து 43 மடங்கு" என்கிறது ஒரு தரப்பு. "வருஷத்துக்கு 25 லட்சம் தடவை மக்கள் துப்பாக்கியால் தங்களைக் காத்துக்கொள்கிறார்கள்" என்கிறது மறு தரப்பு. இரண்டுக்கும் பின்னால் அச்சில் வந்த ஆய்வு இருக்கிறது. அது எப்படி?

அடுத்தது, 2012இல் சாண்டி ஹூக் பள்ளியில் 20 குழந்தைகளும் 6 பெரியவர்களும் கொல்லப்பட்டார்கள். பெற்றோர் வாஷிங்டன் வரை போய் செனட்டர்களைப் பார்த்தும் 2013இல் மசோதா தோற்றது. 2022இல் டெக்சஸின் யுவால்டி பள்ளிப் படுகொலைக்குப் பிறகு ஒரே மாதத்தில் சட்டம் வந்தது. என்ன வித்தியாசம்?

கடைசியாக, ஒரு பிரச்சாரப் பிரசுரம் கைக்கு வந்தால் முதலில் எங்கே கண்ணை வைக்க வேண்டும்?


தராசுமுள்:

முதல் கேள்வியை நான் எடுத்துக்கொள்கிறேன்.

43ஐப் பிரித்துப்போட்டுப் பாருங்கள், குழப்பம் போய்விடும். ஆர்தர் கெல்லர்மனும் டொனால்ட் ரேயும் 1986இல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் எழுதியது. சியாட்டில் நகரம் இருக்கும் கிங் கவுன்ட்டியில் (நம் மாவட்டம் மாதிரி) ஆறு வருஷத் துப்பாக்கி மரணங்களை எடுத்தார்கள். துப்பாக்கி வைத்திருந்த வீட்டுக்குள்ளேயே நடந்தவை 398. அதில் தற்கொலை 333, குற்றக் கொலை 41, விபத்து 12, தற்காப்புக்காகச் சுட்டுக் கொன்றது 9. முதல் மூன்றையும் கூட்டினால் 386. அதை 9ஆல் வகுத்தால் 43 வருகிறது. ஆக இது "ஆபத்து 43 மடங்கு" என்ற கணக்கே இல்லை. தற்காப்பு மரணம் ஒன்றுக்கு மற்ற மரணங்கள் 43 என்ற விகிதம், அதிலும் 37 தற்கொலை. திருடன் துப்பாக்கியைப் பார்த்து ஓடிப்போனால் இந்தக் கணக்கில் அது வராது, பிணம் விழுந்தால்தான் வரும். துப்பாக்கி இல்லாத வீட்டோடு ஒப்பீடும் கிடையாது.

அந்தக் குறையைச் சரிசெய்யத்தான் கெல்லர்மன் குழு 1993இல் இன்னொரு ஆய்வு செய்தது. மூன்று கவுன்ட்டிகளில் வீட்டில் கொலையானவர் ஒவ்வொருவருக்கும் அதே அக்கம்பக்கத்தில், அதே வயது, பாலினம், இனம் உள்ள ஒருவரை இணை சேர்த்தார்கள். மொத்தம் 388 இணைகள். துப்பாக்கி உள்ள வீட்டில் கொலையாகும் ஆபத்து 2.7 மடங்கு என்று வந்தது. அதற்கும் எதிர்வாதம் உண்டு: ஏற்கெனவே மிரட்டலில் இருப்பவர்தானே துப்பாக்கி வாங்குவார், காரணம் எது விளைவு எது என்று கேட்டார்கள். இருந்தாலும் முந்தையதைவிட இது எவ்வளவோ உறுதியான ஆய்வு. ஆனால் பிரசுரங்களில் நிலைத்தது 43தான். 2.7ஐ யார் போஸ்டரில் போடுவார்?

இப்போது 25 லட்சம். கேரி கிளெக், மார்க் கெர்ட்ஸ், 1995. ஏறத்தாழ 5,000 பேரிடம் தொலைபேசி சர்வே. கடந்த வருஷம் தற்காப்புக்குத் துப்பாக்கியைப் பயன்படுத்தியதாகச் சொன்னவர்கள் சுமார் 1.3 சதவீதம். அதை அன்றைய வயதுவந்தோர் 19 கோடியோடு பெருக்கினால் 25 லட்சம். ஹார்வர்டின் டேவிட் ஹெமன்வே கை வைத்தது இந்தப் பெருக்கலில்தான். நூறு பேரில் ஒரே ஒருவர் பழைய சம்பவத்தைப் போன வருஷத்தது என்று நினைத்தாலும், கொஞ்சம் பெருமை பேசினாலும், அதுவே 19 லட்சம். அதே தவறு எதிர்த்திசையில் நடந்தால் 1.3க்குக் கீழேதான் இறங்க முடியும். அபூர்வமான விஷயத்தை சர்வேயில் கேட்டால் தவறு பெரும்பாலும் மேல்நோக்கித்தான் சாயும். அரசின் குற்றப் பாதிப்பு சர்வேயில் வருவது பல்லாயிரக்கணக்கில்தான், லட்சங்களில் இல்லை. அதுவோ முதலில் "என்மேல் குற்றம் நடந்தது" என்று சொன்னவரிடம் மட்டும் அடுத்த கேள்வியைக் கேட்கிறது, ஆகவே அது குறைத்துக் காட்டலாம். உண்மை இரண்டுக்கும் நடுவில் எங்கோ இருக்கிறது. நடுவில் இருப்பதை இரு தரப்புமே அச்சிடுவதில்லை.

இன்னொரு சறுக்கல், எண்ணும்போது வைக்கும் வரையறை. 2014 ஜூனில் எவ்ரிடவுன் "சாண்டி ஹூக்குக்குப் பிறகு 74 பள்ளித் துப்பாக்கிச் சூடுகள்" என்றது. சி.என்.என். ஒவ்வொன்றாகப் பார்த்தது. சாண்டி ஹூக் மாதிரியான சம்பவம் என்று சொல்லத்தக்கவை 15. 2018இல் ஃபுளோரிடாவின் பார்க்லண்ட் பள்ளிப் படுகொலை நடந்த வாரத்தில் "இந்த வருஷம் இது 18ஆவது" என்ற எண் சுற்றியது. அந்த 18இல் ஒன்று, மூடிக் கிடந்த ஒரு பள்ளியின் வண்டி நிறுத்துமிடத்தில் ஒருவர் தன்னைச் சுட்டுக்கொண்டது. பள்ளி வளாகத்தில் எங்கே குண்டு வெடித்தாலும் ஒன்று என்று எண்ணுவதும் ஒரு முறைதான். அதை அடிக்குறிப்பில் ஒளிக்காமல் தலைப்பிலேயே சொல்லியிருந்தால் பிரச்சினை இல்லை. சொல்லாததால் பேச்சு முழுக்க எண் பொய்யா மெய்யா என்று திரும்பிவிட்டது.

"கூட்டக் கொலை"யும் அப்படித்தான். கன் வயலன்ஸ் ஆர்க்கைவ் சுட்டவனைத் தவிர 4 பேர் மேல் குண்டு பட்டாலே எண்ணும், யாரும் சாக வேண்டியதில்லை. மதர் ஜோன்ஸ் பத்திரிகையின் பட்டியலில் பொது இடத்தில் 3 பேராவது இறந்திருக்க வேண்டும். முதலாவதில் வருஷத்துக்கு நூற்றுக்கணக்கில் வரும், இரண்டாவதில் பத்துப் பன்னிரண்டு.


நெய்தல்:

கொங்குவாசி, உங்கள் இரண்டாவது கேள்விக்கு என் பதில் ஒரே வரியில்: சொல்லப்படும் கதையும் கேட்கப்படும் சட்டமும் பொருந்துகிறதா என்று பாருங்கள். கண்ணீர் எவ்வளவு வந்தது என்பதை வைத்து முடிவைக் கணிக்க முடியாது.

இதை உரிமைத் தரப்புதான் முதலில் கச்சிதமாகச் செய்து காட்டியது. 1991 அக்டோபர் 16, டெக்சஸ் மாநிலம் கிலீன் ஊரில் லூபிஸ் உணவகம். ஒருவன் வண்டியை ஜன்னல் வழியாக உள்ளே ஏற்றி 23 பேரைக் கொன்றான். சுசானா ஹப் என்ற பெண்ணின் அப்பா சுட்டவனை நோக்கிப் பாய்ந்து குண்டடிபட்டார். அம்மா அவரை விட்டு நகரவில்லை, அங்கேயே கொல்லப்பட்டார். ஹப்பின் ரிவால்வர் வெளியே காரில் இருந்தது. கைப்பையில் வைத்துக்கொள்வது அன்றைய டெக்சஸ் சட்டப்படி குற்றம் என்பதால் காரிலேயே விட்டுவிட்டு வந்திருந்தார். இதைத்தான் அவர் மாநிலம் மாநிலமாகப் போய்ச் சாட்சியமாகச் சொன்னார். கவனியுங்கள்: கதை முடிகிற இடம் "கைப்பையில் துப்பாக்கி இல்லை", கேட்கும் சட்டம் "கைப்பையில் வைத்துக்கொள்ள உரிமம்". நடுவே ஒரு நூல்கூட நுழையாது. 1995இல் டெக்சஸில் மறைத்து எடுத்துச் செல்லும் உரிமச் சட்டம் வந்தது, 1996இல் ஹப் மாநிலச் சட்டமன்ற உறுப்பினரானார். அரசியல் காற்றும் சாதகமாக இருந்தது, மறுக்கவில்லை. "நிச்சயமாகக் காப்பாற்றியிருப்பேனா" என்ற கேள்விக்கும் யாரிடமும் பதில் இல்லை. ஆனால் அந்தக் கேள்வியைத் தொலைக்காட்சியில் அவர் முகத்துக்கு நேரே கேட்க யாருக்குத் துணிவு வரும்? சாட்சியத்தின் பலமும் அதுதான், அபாயமும் அதுதான்.

இனி 2013. மான்சின்–டூமி மசோதா கேட்டது, துப்பாக்கிக் கண்காட்சியிலும் இணையத்திலும் நடக்கும் தனியார் விற்பனைக்கும் பின்னணிச் சோதனை, அதாவது வாங்குபவரின் குற்றப் பின்னணியைப் பார்ப்பது. சாண்டி ஹூக் கொலையாளி பயன்படுத்தியதோ அவன் அம்மா சட்டப்படி வாங்கி வைத்திருந்த துப்பாக்கிகள். "இந்தச் சட்டம் இருந்திருந்தால் அந்தக் குழந்தைகள் பிழைத்திருப்பார்களா?" என்ற ஒரே கேள்வியை எதிர்த்தரப்பு திரும்பத் திரும்பக் கேட்டது. ஏப்ரல் 17 செனட் வாக்கெடுப்பில் 54க்கு 46, தேவைப்பட்டது 60. ஓட்டுக் கணக்குக்கு வேறு காரணங்களும் உண்டு, ஆனால் எதிர்த்து ஓட்டுப் போட்டவர்களுக்குச் சாக்குக் கொடுத்தது அந்த இடைவெளிதான். அதே குடும்பங்கள் அதே மாதம் கனெக்டிகட் மாநிலச் சட்டமன்றத்தில் ஜெயித்தன. அங்கே பேசியது மேகசின், அதாவது துப்பாக்கியில் மாட்டும் குண்டுப் பெட்டியின் அளவைப் பற்றி. கொலையாளி ஐந்து நிமிடத்துக்குள் 154 முறை சுட்டான், கையில் 30 குண்டு மேகசின். மாற்றும் தடவை கூடினால் ஓடித் தப்ப நேரம் கூடும். கதைக்குள்ளேயே சட்டம் இருந்தது.

பார்க்லண்ட் கொலையாளிக்கு 19 வயது, சட்டப்படி வாங்கிய ரைபிள், முன்கூட்டியே வந்த எச்சரிக்கைகள் கிடப்பில் கிடந்தன. மூன்றே வாரத்தில் ஃபுளோரிடா போட்ட சட்டத்தில் வாங்கும் வயது 21, ஆபத்தானவரிடமிருந்து நீதிமன்ற ஆணை மூலம் துப்பாக்கியைத் தற்காலிகமாக எடுத்துவைக்கும் ரெட் ஃப்ளாக் ஏற்பாடு, மூன்று நாள் காத்திருப்பு. அதிலேயே பள்ளி ஊழியர் சிலருக்குத் துப்பாக்கி தரும் திட்டமும் இருந்தது, பேரம் என்றால் அப்படித்தான். யுவால்டி கொலையாளி 18 வயது நிறைந்த சில நாளிலேயே வாங்கியவன். 2022 ஜூன் 25இல் கையெழுத்தான சட்டம் 21 வயதுக்குக் கீழ் உள்ளவர் வாங்கும்போது சிறார் கால ஆவணங்களைப் பார்க்கவும், தேவைப்பட்டால் 10 வேலைநாள் வரை எடுத்துக்கொள்ளவும் வழி செய்தது. சிறிய மாற்றம்தான். ஆனால் பொருந்துகிறது.

யுவால்டியில் பிறந்த நடிகர் மேத்யூ மெக்கானகி ஜூன் 7இல் வெள்ளை மாளிகையில் பேசியதைத் தேடிப் பாருங்கள். மனைவி கையில் ஒரு ஜோடி பச்சை கான்வர்ஸ் ஷூ, வலது கால் நுனியில் பேனாவால் வரைந்த இதயம். பத்து வயதுக் குழந்தையின் உடலை அடையாளம் காண உதவியது அந்தப் படம் ஒன்றுதான் என்றார். அந்த ரகத் துப்பாக்கி உடல்களை எப்படிச் சிதைத்தது என்றும் சொன்னார். ஆனால் மனதில் நிற்பது அந்த ஷூதான்.


வழக்குக்கட்டு:

நெய்தல் சொன்னது சட்டமன்றத்துக்குப் பொருந்தும். நீதிமன்றத்துக்குள் போனால் கதையும் செல்லாது, மருத்துவ ஆய்வும் பெரும்பாலும் செல்லாது. கட்டுரையில் இதை விட்டுவிடாதீர்கள்.

2022 ஜூன் 23இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தந்த புரூவன் தீர்ப்பு 1911இலிருந்து இருந்த நியூயார்க் உரிமச் சட்டத்தின் ஒரு பகுதியை ரத்து செய்தது. அதில் நீதிபதி தாமஸ் வகுத்த அளவுகோல் வரலாறு. இந்தக் கட்டுப்பாடு உயிர்களைக் காக்கிறதா என்று கேட்காதே, பழைய அமெரிக்கச் சட்ட மரபில் இதற்கு இணையானது இருந்ததா என்று கேள். மாறுபட்ட தீர்ப்பெழுதிய பிரையர் முதல் வரியிலேயே "2020இல் 45,222 அமெரிக்கர்கள் துப்பாக்கியால் கொல்லப்பட்டனர்" என்று தொடங்கினார். அலிட்டோ தனியாக எழுதிய குறிப்பில் இந்த எண்களுக்கும் வழக்குக்கும் என்ன தொடர்பு என்று கேட்டார். பிரையர் தந்த கூட்டக் கொலைப் பட்டியலில் உள்ள, நியூயார்க் மாநிலத்தின் பஃபலோ படுகொலை இதே நியூயார்க் சட்டம் அமலில் இருந்தபோதுதானே நடந்தது என்றும் குத்தினார். ஒரே எண், ஒருவருக்கு அடித்தளம், மற்றவருக்குப் பேச்சுக்கு வெளியே.

விளைவு, இரு தரப்பு அமைப்புகளும் இப்போது வரலாற்றாசிரியர்களைத் தேடுகின்றன. 2024 ரஹிமி வழக்கில் குடும்ப வன்முறைத் தடையாணை உள்ளவர் துப்பாக்கி வைத்திருக்கக் கூடாது என்ற சட்டம் 8க்கு 1 என்று நிலைத்தது. அங்கே நின்றது தற்காலப் புள்ளிவிவரம் அல்ல, மிரட்டுகிறவனிடம் ஜாமீன் பத்திரம் வாங்கிய பழைய சட்டங்கள்.


கொங்குவாசி:

நன்றி, நிறையத் தெளிவாயிற்று. ஒரு துணைக் கேள்வி: கதை, எண் இரண்டையும் சேர்த்துக் கொடுத்தால் பலம் இரட்டிப்பாகும் என்றுதானே தோன்றுகிறது? துப்பாக்கி வைத்திருப்பவர்களிடம் எது எடுபடுகிறது?


மருந்துச்சீட்டு:

தோன்றும், ஆனால் ஆகாது. 2007இல் ஸ்மால், லோவன்ஸ்டீன், ஸ்லோவிக் மூவரும் செய்த சோதனை நன்கொடை பற்றியது, துப்பாக்கி பற்றியது அல்ல. ஆனாலும் பிரச்சாரத் துறையில் எல்லோரும் மேற்கோள் காட்டுவார்கள். கையில் 5 டாலர். பசியில் வாடும் ஒரு சிறுமியின் படமும் பெயரும் பார்த்தவர்கள் சராசரியாக 2.38 டாலர் கொடுத்தார்கள். லட்சக்கணக்கானோர் பசி என்ற புள்ளிவிவரம் மட்டும் படித்தவர்கள் 1.14. இரண்டையும் சேர்த்துப் பார்த்தவர்கள் 1.43. எண் பக்கத்தில் வந்ததும் சிறுமி மங்கிவிட்டாள். அதனால்தான் தேர்ந்த அமைப்புகள் சாட்சியம் சொல்பவரிடம் எண்ணைக் கொடுப்பதில்லை. மாநிலச் சட்டமன்றக் குழுவில் பொதுமக்களுக்குக் கிடைப்பது பெரும்பாலும் இரண்டு மூன்று நிமிடம். மசோதா எண், யார் நான், என்ன நடந்தது, எந்த இடத்தில் இந்தச் சட்டம் குறுக்கே வந்திருக்கும், அவ்வளவே. எண்கள் எழுத்துமூல மனுவில் தனியாகப் போகும், உறுப்பினரின் உதவியாளர்தான் அதைப் படிப்பார். தாய் அழுது முடித்ததும் அவரிடமே சதவீதக் கணக்கு கேட்டு மடக்குவது எதிர்த்தரப்புக்குப் பழகிய வேலை, அதற்கு இடம் கொடுக்கவே கூடாது.

எண் மட்டும் கொடுத்தாலும் பலன் குறைவு. யேல் பல்கலையின் டான் கஹன் குழு ஒரே அட்டவணையை இரண்டு பெயரில் கொடுத்துப் பார்த்தது, ஒருமுறை தோல் களிம்பு என்று, ஒருமுறை பொது இடத்தில் கைத்துப்பாக்கியை மறைத்து எடுத்துச் செல்லத் தடை என்று. களிம்பில் கணக்குத் தெரிந்தவர்கள் சரியான விடைக்கு வந்தார்கள். துப்பாக்கி என்றதும், கணக்கில் கெட்டிக்காரர்கள்தான் தங்கள் கட்சிக்கு ஏற்றபடி அதிகமாகப் பிரிந்தார்கள். தனக்குப் பிடிக்காத முடிவு வந்தால் குறை தேடும் திறமை அவர்களிடம்தானே கூடுதல்.

துப்பாக்கி வைத்திருப்பவரிடம் எடுபட்டது எது என்றால் நியூ ஹாம்ப்ஷயரைப் பாருங்கள். 2009இல் ஒரு வாரத்துக்குள் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத மூன்று பேர், ஒரே கடையில் துப்பாக்கி வாங்கிச் சில மணி நேரத்தில் தற்கொலை செய்துகொண்டார்கள். பொதுச் சுகாதாரக்காரர்கள் கடைக்காரரிடம் போய்ச் சட்டம் பேசவில்லை. கடைக்காரர்களோடு உட்கார்ந்து ஒரு சுவரொட்டியும் கடை ஊழியருக்கான குறிப்பும் தயாரித்தார்கள். துப்பாக்கிப் பாதுகாப்புக்கு ஏற்கெனவே பத்துக் கட்டளை என்று ஒன்று உண்டு. அதோடு பதினொன்றாவதைச் சேர்த்தார்கள்: நண்பரோ வீட்டாரோ மனம் உடைந்திருந்தால், அந்தக் கஷ்டம் தீரும்வரை துப்பாக்கியை அவர் கைக்கு எட்டாமல் பார்த்துக்கொள். "கட்டுப்பாடு" என்ற சொல்லே இல்லை. தபாலில் அனுப்பி ஆறு மாதம் கழித்துச் சொல்லாமல் போய்ப் பார்த்தபோது ஏறக்குறைய பாதிக் கடைகளில் அது மாட்டப்பட்டிருந்தது. அந்தத் தொழிலை அறிந்தவர்களுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று தெரியும்.

இதில் ஒரு நெருடலும் இருக்கிறது. 2021இல் 48,830 துப்பாக்கி மரணங்கள், 26,328 தற்கொலை. பாதிக்கு மேல். பிரசுரங்களில் பெரிய எழுத்தில் மொத்த எண் வரும், பக்கத்துப் படத்தில் பள்ளிக் குழந்தை. கூட்டக் கொலைகளில் இறப்பவர்கள் மொத்தத்தில் நூற்றுக்கு ஒருவர் அளவுதான். சிகாகோவில் 2013 ஜனவரியில் சுடப்பட்ட 15 வயது மாணவியின் தோழிகள் அவள் நினைவாக அணிய ஆரஞ்சு நிறத்தைத் தேர்ந்தெடுத்தது வேடர்கள் காட்டில் ஒருவரை ஒருவர் சுட்டுவிடாமல் இருக்க அணியும் நிறம் என்பதால். அன்றாடம் தெருவில் விழும் கறுப்பினப் பிள்ளைகளைக் கேமராக்கள் திரும்பிப் பார்க்க அப்படி ஒரு நிறம் தேவைப்பட்டது.

"குழந்தைகள், பதின்வயதினரின் மரணத்துக்கு முதல் காரணம் துப்பாக்கி" என்ற வாசகத்தையும் கவனித்துப் பயன்படுத்துங்கள். அது 1 முதல் 19 வயது வரை. ஒரு வயதுக்குக் கீழ் உள்ளவர்களைச் சேர்த்தால் பிறவிக் கோளாறுகளும் குறைப்பிரசவமும் முன்னால் வந்துவிடும். 18, 19 வயதைக் கழித்து 1 முதல் 17 என்று எடுத்தாலும் சமீப வருஷங்களில் துப்பாக்கிதான் முதலிடம். எனவே வயதைச் சொல்லிவிட்டால் வாசகம் நிற்கும். சொல்லாமல் விட்டால்தான் ஒரே ட்வீட்டில் உடைப்பார்கள்.


தராசுமுள்:

மூன்றாவது கேள்வி அப்படியே நிற்கிறது. முதலில் வருஷத்தைப் பாருங்கள். "40 சதவீத விற்பனை சோதனையே இல்லாமல் நடக்கிறது" என்பது 2013 விவாதத்தில் ஒபாமா வரை சொன்ன எண். அதன் மூலம் 1994 சர்வே, அந்தக் கேள்விக்குப் பதில் சொன்னவர்கள் 251 பேர். 2015இல் பெரிய அளவில் கேட்டபோது 22 சதவீதம். 22ம் சின்ன எண் இல்லை, அதை வைத்தே வாதிட்டிருக்கலாம்.

பழைய எண்கள் ஏன் இவ்வளவு நாள் ஓடின என்பதற்கு ஒரு காரணம், 1996இல் கான்கிரஸ் போட்ட டிக்கி திருத்தம். துப்பாக்கிக் கட்டுப்பாட்டுக்கு வாதாட சி.டி.சி. (அரசின் நோய்த் தடுப்பு அமைப்பு) பணம் செலவழிக்கக் கூடாது என்றது வாசகம், ஆய்வே செய்யாதே என்று அல்ல. ஆனால் அந்த ஆய்வுகளுக்குச் செலவான அதே 26 லட்சம் டாலரையும் பட்ஜெட்டில் கழித்தார்கள். குறிப்பு புரிந்துவிட்டது. மறுபடி இதற்கென்று தனி நிதி வந்தது 2020 நிதியாண்டில், சி.டி.சி.க்கும் அரசின் மருத்துவ ஆய்வு அமைப்பான என்.ஐ.எச்.சுக்கும் சேர்த்து 2.5 கோடி டாலர்.

அடுத்து, ஒப்பீடு யாரோடு என்று பாருங்கள். கைத்துப்பாக்கி வாங்கவே உரிமம் கேட்ட கனெக்டிகட்டின் 1995 சட்டம் துப்பாக்கிக் கொலைகளை 40 சதவீதம் குறைத்தது என்று 2015இல் ஒரு ஆய்வு. சட்டம் இல்லாத "கற்பனை கனெக்டிகட்" ஒன்றைப் பிற மாநிலங்களைக் கலந்து செய்து அதோடு ஒப்பிட்டார்கள். அந்தக் கலவையில் பெரும்பங்கு ரோட் ஐலண்ட் என்ற ஒரே குட்டி மாநிலம். அங்கே கொலை கொஞ்சம் ஏறினாலும் கனெக்டிகட் ஜெயித்ததாகத் தெரியும். நீண்ட காலத்தை எடுத்து 2020இல் மறுபடி கணக்கிட்டபோது 28 சதவீதம். முடிவின் திசை மாறவில்லை, அளவு மாறியது. பிரசுரத்தில் இன்னும் 40 இருந்தால், அவர்கள் எப்போது கடைசியாகப் படித்தார்கள் என்று தெரிந்துகொள்ளலாம். எது உறுதி எது ஊகம் என்று ஒரே இடத்தில் பார்க்க ராண்ட் நிறுவனத்தின் தொகுப்பு ஆய்வு உதவும். குழந்தைகள் கைக்கு எட்டாமல் பூட்டி வைக்கச் சொல்லும் சட்டங்களுக்கு அங்கே வலுவான ஆதரவு இருக்கிறது. மேலே நெய்தல் சொன்ன பல சட்டங்களுக்கு அவ்வளவு வலு இல்லை.

கடைசியாகக் கருத்துக்கணிப்பு. பின்னணிச் சோதனைக்கு 90 சதவீத ஆதரவு என்று எழுதுவார்கள். மக்களின் நேரடி வாக்கெடுப்புக்கு வைத்தபோது வாஷிங்டன் மாநிலத்தில் 2014இல் 59 சதவீதம் கிடைத்தது, மெய்னில் 2016இல் தோற்றது. அதே நாள் நெவாடாவில் பத்தாயிரத்துக்கும் குறைவான வாக்கில் ஜெயித்தது. அதற்குப் பிறகு நடந்ததுதான் கூத்து. சோதனையை எஃப்.பி.ஐ. நேரடியாகச் செய்ய வேண்டும் என்று சட்ட வாசகம் சொன்னது. ஒரு மாநிலம் போட்ட சட்டம் எங்களைக் கட்டுப்படுத்தாது என்று எஃப்.பி.ஐ. கடிதம் அனுப்பியது. இதை அமல்படுத்த முடியாது என்றார் மாநில அட்டர்னி ஜெனரல். பிரச்சாரம், விளம்பரம், சாட்சியம் எல்லாம் ஜெயித்தும் ஒரு வரியில் சிக்கி, 2019இல் சட்டமன்றம் வாசகத்தைத் திருத்தி எழுதும் வரை அது காகிதத்திலேயே கிடந்தது.